ஆக்சிடென்ட் ஆன இடத்துக்குப் பின்னாடியே இன்னொரு ஆக்சிடென்ட் ஏன் ஆகுது, அடாப்டிவ் கன்ட்ரோல் வெச்சா நிக்குமா?

தம்பி கேட்டிருந்தது சுருக்கமா இதுதான்: செங்கிப்பட்டி பக்கம் ஒரு நெல்லு லாரி டயர் வெடிச்சு ரோட்டுக்குக் குறுக்க நின்னுடுச்சு, அதுல யாருக்கும் பெரிய அடி இல்ல, ஆனா அரை மணி நேரம் கழிச்சு ஒரு கிலோமீட்டருக்கு மேல பின்னாடி, வரிசைல கடைசியா நின்ன கார் மேல டிப்பர் ஒண்ணு வந்து ஏறிடுச்சு. வெளிநாட்டுல இருக்கற மாதிரி அடாப்டிவ் டிராஃபிக் கன்ட்ரோல் (ரோட்டு நிலைமைக்கு ஏத்த மாதிரி தானா மாறிக்கற கட்டுப்பாடு) நம்ம திருச்சி-தஞ்சாவூர் ரோட்டுல வெச்சா இதைத் தடுக்கலாமா, ஊர்க்காரங்க சேர்ந்து கேமரா கேட்டு மனு கொடுக்கப் போறோம், என்ன எழுதலாம்னு.

நான் நாலு வழிச்சாலை ஒண்ணோட கன்ட்ரோல் ரூம்ல ஆறு வருஷம் ஷிஃப்ட் பாத்தவன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

முதல்ல நீங்க சொன்ன சம்பவத்துலயே விஷயம் இருக்கு. லாரி நின்ன இடத்துல போலீஸ், டோல்கேட் ரோந்து வண்டி, ஆம்புலன்ஸ், வேடிக்கை பாக்கறவங்கன்னு அம்பது பேர் இருந்திருப்பாங்க. டிப்பர் மோதின இடத்துல ஒருத்தர் கூட இருந்திருக்க மாட்டாங்க. இது எல்லா ஊர்லயும் இப்படித்தான், வரிசையோட தலைல கூட்டம், வால்ல ஆள் இல்ல, ஆனா ரெண்டாவது ஆக்சிடென்ட் ஆகறது வால்ல. தலை ஒரே இடத்துல நிக்கும், வால் நகர்ந்துக்கிட்டே இருக்கும். நீடாமங்கலம் ரயில்வே கேட்ல நின்னு பழகினவங்களுக்கு இதை விளக்கவே வேணாம், கேட் எங்க இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும், வரிசை இன்னைக்கு எதுவரைக்கும் வந்திருக்குன்னு யாருக்கும் தெரியாது.

எவ்ளோ வேகமா நகரும்னு ஒரு தோராயக் கணக்கு போடுவோம். நாலு வழிச்சாலைல ஒரு பக்கத்துக்கு ரெண்டு லேன். ஒண்ணு அடைச்சா பாதி வண்டி போகும்னுதான எல்லாரும் நினைப்போம், நானும் வேலைக்குச் சேர்ந்த புதுசுல அப்படித்தான் நினைச்சேன். அமெரிக்காக்காரங்க நெடுஞ்சாலைக் கொள்ளளவு கையேட்டுல போட்டிருக்கற கணக்குப்படி ரெண்டுல ஒரு லேன் அடைச்சா மிஞ்சறது 35 சதவீதம்தான், பாதி கூட இல்ல. ஏன்னா மிச்ச லேன்ல போறவன் ஒழுங்கான வேகத்துல போக மாட்டான், பக்கத்து லேன்காரன் மூக்கை நுழைப்பான், எல்லாரும் கண்ணாடிய இறக்கி எட்டிப் பாப்பான். நம்ம ஊர்ல இதுக்கு மேல ஆளுங்க ரோட்டைக் குறுக்க கடந்து ஓடுறதும் சேரும்.

இப்ப சாயங்காலம் ஒரு பக்கமா மணிக்கு 1800 வண்டி வருதுன்னு வைங்க. ரெண்டு லேனும் திறந்திருந்தா சுமார் 3600 தாங்கும், ஒண்ணு அடைச்சா 35 சதவீதம், அதாவது 1260. மிச்சம் 540 வண்டி ஒவ்வொரு மணிக்கும் தேங்குது, நிமிஷத்துக்கு 9. காரு பஸ்ஸு லாரி எல்லாம் கலந்து வண்டிக்கு 10 மீட்டர்னு வெச்சு ரெண்டு லேன்ல நிக்க விட்டா, வால் நிமிஷத்துக்கு 45 மீட்டர் பின்னாடி போகுது. கோயில் பிரகாரத்துல நடக்கற வேகம்தான், ஆனா அரை மணில 1350 மீட்டர். உங்க டிப்பர் கணக்கு கிட்டத்தட்ட சரியா வருதா? ரெண்டு லேனும் அடைச்சா நிமிஷத்துக்கு 150 மீட்டர், அது சைக்கிள் மிதிக்கற வேகம்.

இதுல இருந்து ஒண்ணு புரியும். பிரேக்டவுன் வண்டிக்குப் பின்னாடி முக்கோணம் வெக்கறதும், கிளையை ஒடிச்சுப் போடறதும், கல்லு வெக்கறதும் (வெச்சிட்டு அப்படியே விட்டுட்டுப் போயிடுவாங்க பாருங்க, அது தனி ஆக்சிடென்ட்) முதல் சில நிமிஷத்துக்குத்தான் உதவும். வரிசை அதைத் தாண்டிப் பின்னாடி போனதுக்கப்புறம் அந்த முக்கோணம் வரிசைக்கு நடுவுல நிக்குது, யாருக்கும் பிரயோஜனம் இல்ல. எச்சரிக்கையும் வாலோட சேர்ந்து பின்னாடி போகணும். அடாப்டிவ்னு சொல்றதே இந்த ஒண்ணைத்தான், மத்ததெல்லாம் அதுக்கான கருவி.

இங்க ஒரு குழப்பத்தையும் தீத்துடறேன். சிட்டில அடாப்டிவ் சிக்னல்னு சொல்றாங்களே, ஸ்கூட், ஸ்காட்ஸ், நம்ம மத்திய அரசு நிறுவனம் சி-டாக் செஞ்ச கோசிகோஸ்ட், அதெல்லாம் நாலு ரோடு சந்திப்புல எந்தப் பக்கம் வண்டி ஜாஸ்தியோ அந்தப் பக்கம் பச்சையைக் கூட்டிக் குறைக்கறது. நெடுஞ்சாலைல சந்திப்பே இல்லாத இடத்துல அதுக்கு வேலை இல்ல. அங்க வேணும்கறது வேற: வேகம் எங்க விழுதுன்னு கண்டுபிடிக்கறது, அதுக்குப் பின்னாடி வர்றவனுக்கு போர்டுல சொல்றது, வேகத்தைப் படிப்படியா இறக்கறது. இங்கிலாந்துல எம்25ங்கற லண்டன் சுத்துவட்ட ரோட்டுல 1995லயே மாறும் வேக வரம்பு வெச்சாச்சு, மைடாஸ்னு ஒரு அமைப்பு, பல இடத்துல ரோட்டுக்கு அடில சுமார் 500 மீட்டருக்கு ஒரு கம்பிச் சுருள் பதிச்சு ஒவ்வொரு லேன்லயும் வேகத்தைப் பாத்துக்கிட்டே இருக்கும். நெதர்லாந்துல இன்னும் எளிமையான கணக்கு, ஒரு இடத்துல வேகம் 35க்குக் கீழ விழுந்தா அங்க லேன் மேல இருக்கற போர்டு 50னு காட்டும், அதுக்கு முந்தின போர்டு 70னு காட்டும். வால் பின்னாடி நகர நகர 50ம் 70ம் ஒவ்வொரு போர்டா பின்னாடி நகரும், மனுஷன் பட்டனைத் தட்ட வேண்டியதில்ல. 100ல வர்றவன் முதல்ல 70க்கு வந்து அப்புறம் 50க்கு வந்து அப்புறம் நிக்கறான். அவ்ளோதான் வித்தை.

படிப்படியா ஏன்னு கேட்டா, நம்ம நாட்டுல ரோட்டுக்குத் தர அளவு வகுக்கற இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் கணக்கையே எடுத்துக்கங்க, 100 கிலோமீட்டர் வேகத்துல வர்ற வண்டி நிக்கறதுக்கு 180 மீட்டர் பார்வை தூரம் வேணும், 80ல 120 மீட்டர், 50ல 60 மீட்டர். 100ல வர்றவன் ஒரு நொடிக்கு 28 மீட்டர் ஓடுறான். டெல்டா ரோடு தட்டையா இருக்கு, எவ்ளோ தூரம் வேணாலும் தெரியுமேன்னு தோணும். இங்கதான் ஏமாத்தம். நம்ம ஊர்ல மலை கிடையாது, மேடுன்னா அது பாலம்தான். ரயில்வே மேம்பாலம், ஆத்துப் பாலம், வாய்க்கால் பாலம்னு ஏறி இறங்கிக்கிட்டே போகும். அந்த மேட்டுக்கு அந்தப் பக்கம் வால் நின்னுச்சுன்னா ஏறி வர்றவனுக்கு வானம்தான் தெரியும், உச்சிக்கு வந்தப்புறம் 80 மீட்டர்ல பிரேக் லைட்டு. நான் பாத்த இந்த மாதிரி மோதல்ல பெரும்பாலும் பாலம் இறங்கற இடம், இல்லன்னா விடியக்காலம் பனி.

பனின்னதும் சொல்றேன். மார்கழி தைல அறுவடை சமயம், வயல்ல ஈரம், காலைல ஆறு ஆறரைக்கு 50 மீட்டர் தாண்டி ஒண்ணும் தெரியாது. அதே கணக்குல 40 கிலோமீட்டர் வேகத்துக்கே 45 மீட்டர் வேணும். அப்ப 50 மீட்டர் தெரியற பனில 40க்கு மேல ஓட்டக் கூடாது, ரோடு நாலு வழியோ எட்டு வழியோ. அந்த நேரத்துலதான் வைக்கோல் லோடு டிராக்டர் வெளிய வரும், கரும்பு டிராக்டர் வரும், கதிர் அறுக்கற மெஷினை ஊர் மாத்தறவன் வருவான். வைக்கோல் லோடுக்குப் பின்னாடி லைட் இருந்தாலும் வைக்கோல் தொங்கி அதை மூடியிருக்கும்.

சாலியமங்கலம் தாண்டி அம்மாப்பேட்டைக்கு முன்னாடி ஒரு தை மாசம் அப்படி ஒண்ணு நடந்துச்சு. அது ரெண்டு வழி ரோடு. வைக்கோல் டிராக்டர் சாஞ்சு பாதி ரோட்டுல கொட்டியிருந்துச்சு, நானும் எங்க மாமாவும் பைக்ல வந்தோம். எல்லாரும் டிராக்டர்காரனைத் தூக்க ஓடினாங்க. மாமா மட்டும் பைக்கைத் திருப்பிக்கிட்டு வந்த வழியே போனாரு. நான் கத்தறேன், எங்க மாமா போறீங்கன்னு. அவரு பழைய லாரி டிரைவர். ஒரு முந்நூறு அடி போயி ஒரு டீக்கடை ஓரம் நின்னு, கழுத்துல கெடந்த செவப்புத் துண்டை ஒரு கைல, செல்ஃபோன் லைட்டை இன்னொரு கைல வெச்சுக்கிட்டு ஆட்டறாரு. வண்டி நிக்க ஆரம்பிச்சு வரிசை டீக்கடை வரைக்கும் வந்ததும் இன்னும் பின்னாடி போயி நின்னாரு. அப்புறம் இன்னும் பின்னாடி. கடைசில நாங்க கிளம்பும்போது அவரு எங்க இருக்காருன்னே தெரியாம ஃபோன் போட்டுத்தான் கண்டுபிடிச்சோம். மைடாஸ் செய்யற வேலைய அவரு ஒரு துண்டை வெச்சு செஞ்சாரு, அவருக்கு அந்தப் பேரெல்லாம் தெரியாது.

அந்த லாரி டிரைவருங்ககிட்ட இன்னொரு பழக்கம் உண்டு. எதிர்ல வர்ற பஸ்ஸோ லாரியோ ஹெட்லைட்டை டிம் டிப் அடிச்சு, கையை வெளிய நீட்டி கீழ அமுக்கற மாதிரி காட்டுவாங்க, முன்னாடி ஏதோ கெடக்கு மெதுவா போன்னு அர்த்தம். எங்க வால் இருக்குன்னு இப்பதான் தாண்டி வந்தவனுக்குத் தெரியும், அவன் சொல்றதை விட புதுத் தகவல் எந்தக் கேமராவும் தராது. நாலு வழிச்சாலை ஆனதும் அது போச்சு. நடுவுல மீடியன்ல செவ்வரளி வளத்து வெச்சிருக்கோம், எதிர் லைட்டு கண்ணைக் கூசாம இருக்கறதுக்கு, நல்லதுதான், ஆனா அதோட எதிர்ல வர்றவன் கையும் தெரியாமப் போச்சு. நாலு வழில அந்த இடத்தை நிரப்பறதுக்குத்தான் டிஜிட்டல் போர்டு வேணும்கறேன்.

இப்ப நம்ம நாட்டுல என்ன இருக்குன்னு பாப்போம். தேசிய நெடுஞ்சாலை ஆணையம் 2023 அக்டோபர்ல போக்குவரத்து மேலாண்மைக் கொள்கையைப் புதுப்பிச்சாங்க. அதுல வைட்ஸ்னு ஒரு கேமரா அமைப்பு, ஹெல்மெட் இல்லாம போறது, தப்பான பக்கம் வர்றது, மாடு குறுக்க வர்றதுன்னு 14 வகையைக் கண்டுபிடிக்கும், 10 கிலோமீட்டருக்கு ஒண்ணு, 100 கிலோமீட்டருக்கு ஒரு கன்ட்ரோல் சென்டர். நல்ல விஷயம்தான். ஆனா வாலைப் பிடிக்க 10 கிலோமீட்டர் இடைவெளி பத்தாது, மேல போட்ட கணக்குல அரை மணி வரிசையே 1350 மீட்டர், ரெண்டு கேமராவுக்கு நடுவுல அது பாட்டுக்கு உருவாகி முடிஞ்சே போயிடும். இடைல சுத்திப் பாக்கற கேமரா இருக்கும்பாங்க, அதை ஒரு ஆள் திருப்பணும், அந்த ஆள் முன்னாடி முப்பது நாப்பது படம் ஓடும். பனில கேமராவுக்கும் கண்ணு தெரியாது, நமக்குத் தெரியாத மாதிரியேதான். ரேடார் பனிலயும் பாக்கும். ஆக டெல்டாவுக்குன்னு கேட்டா பாலத்துக்கு ரெண்டு பக்கமும் ரேடாரும் அதோட சேர்ந்த போர்டும் வெக்கறது பத்து கேமராவை விட மேல்னு நான் சொல்வேன், கம்பெனிக்காரங்க ஒத்துக்க மாட்டாங்க, கேமரான்னா ஃபைன் போடலாம், ரேடார் போர்டு யாருக்கும் காசு கொண்டாராது.

தப்பு அலாரம் பெரிய தலைவலி. ரோட்டோரம் நெல்லு காயப் போட்டிருப்பாங்க, அதைச் சுத்தி வண்டி மெதுவாகும். ஆட்டு மந்தை கடக்கும், வாத்து மேய்க்கறவங்க ஐந்நூறு வாத்தை ஓட்டிக்கிட்டு வருவாங்க. ஆகஸ்ட் கடைசில வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் போற கூட்டம், அது ராத்திரியெல்லாம் ஓரத்துலயே நடக்கும். மெஷினுக்கு இதெல்லாம் வரிசை மாதிரிதான் தெரியும். அலாரம் வந்துக்கிட்டே இருந்தா ஷிஃப்ட்ல இருக்கறவன் சத்தத்தைக் குறைச்சு வெச்சிடுவான், நானே செஞ்சிருக்கேன், பொய் சொல்லல.

அதை விட மோசம் போர்டை மாத்தாம விடறது. நான் வேலை பாத்த இடத்துல ஒரு தடவ ‘முன்னால் விபத்து, மெதுவாகச் செல்லவும்’னு போட்டுட்டு, இடத்தைச் சுத்தம் பண்ணினப்புறமும் எடுக்கல. மூணு நாள் அப்படியே எரிஞ்சுது. நாலாவது நாள் நிஜமாவே ஒண்ணு ஆச்சு, அதே வாசகத்தைத்தான் போட்டோம், ஒருத்தன் கூட ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுக்கல, கேமராவுல பாத்துக்கிட்டே இருந்தேன், ஒண்ணும் பண்ண முடியல. அன்னைக்கு யாரும் சாகல, ரெண்டு கார் நொறுங்கினதோட போச்சு. அதுக்கப்புறம் போர்டு எழுதினா எத்தனை மீட்டர்னு சேத்து எழுதுங்க, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ மாத்துங்கன்னு சண்டை போட்டேன். ‘800 மீட்டரில் வண்டிகள் நிற்கின்றன’னு போட்டா டிரைவர் நம்பறான், ஏன்னா 800 மீட்டர்ல நிஜமாவே நிக்குது. ‘பாதுகாப்பாக ஓட்டுங்கள்’னு போட்டா அவன் படிக்கறதே இல்ல.

மாத்து வழில திருப்பி விடறதைப் பத்தி ஒரு வார்த்தை. திருச்சி-தஞ்சாவூர் அடைச்சா கல்லணை, திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு வழியா விடலாமேம்பாங்க. காரை விடுங்க, பைக்கை விடுங்க. டிப்பரையும் கன்டெய்னரையும் அந்த ஆத்தங்கரை ரோட்டுல விட்டா ரெண்டாவது ஆக்சிடென்ட் அங்க போய் நடக்கும், அங்க கிரேன் கூட போய்ச் சேராது. லாரியை டோல்கேட்லயே நிறுத்தி வெக்கறதுதான் சரி. வாழவந்தான்கோட்டை டோல்கேட் ஏற்கனவே இருக்கு, வெளிச்சம் இருக்கு, அங்க நிக்கணும்னு டிரைவருக்குப் பழக்கமும் இருக்கு. அங்க ரெண்டு லேனை மூடி வண்டிய நிமிஷத்துக்கு இத்தனைன்னு விட்டா முன்னாடி வால் வளர்றது குறையும். இருட்டுல நடு ரோட்டுல நிக்கற வரிசையை வெளிச்சத்துல நிக்கற வரிசையா மாத்தறோம், வேற ஒண்ணும் இல்ல. இதுக்குப் புதுசா மெஷின் வேணாம், ஒரு ஃபோன் காலும், வசூல் குறையுதேன்னு பாக்காத ஒரு மேனேஜரும் போதும்.

அப்புறம் நேரம். அமெரிக்க நெடுஞ்சாலை நிர்வாகம் அடிக்கடி சொல்ற கணக்கு, முதல் சம்பவம் ரோட்டுல கெடக்கற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் ரெண்டாவது மோதலுக்கான வாய்ப்பு 2.8 சதவீதம் கூடுதுன்னு. நம்ம ரோட்டுக்கு அதே எண் பொருந்தணும்னு இல்ல, ஆனா போக்கு அதேதான். கிரேன் வர நாப்பது நிமிஷம், லோடை வேற லாரிக்கு மாத்த ரெண்டு மணி நேரம், சொந்தக்காரர் வரட்டும் போட்டோ எடுக்கட்டும்னு இன்னும் ஒரு மணி நேரம். நெல்லு மூட்டை சரிஞ்சு கெடந்தா அது விவசாயி காசு, மனசு கேக்காதுதான், ஆனா வண்டிய முதல்ல ஓரத்துக்கு இழுத்துட்டு மூட்டைய அங்க வெச்சு மாத்தலாம்.

ஓட்டறவங்களுக்கு ரெண்டு விஷயம். 2023 செப்டம்பர்ல திருப்பத்தூர் மாவட்டம் நாட்றம்பள்ளி பக்கம் பஞ்சராகி நின்ன வேன் மேல மினி லாரி மோதி, இறங்கி ரோட்டுல உக்காந்திருந்த பொம்பளைங்க ஏழு பேர் செத்தாங்க, ஞாபகம் இருக்கலாம். வண்டி நின்னா இறங்கினவங்க வண்டிக்கு முன்னாடியும் உக்காரக் கூடாது, பின்னாடியும் நிக்கக் கூடாது, நடு மீடியன்ல நிழல் இருக்கேன்னு போகவே கூடாது. இடது ஓரம், தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம், வயல்ல சேறா இருந்தாலும் பரவால்ல. நெடுஞ்சாலை உதவி எண் 1033க்கு அடிச்சு பக்கத்துல இருக்கற கிலோமீட்டர் கல்லு நம்பரைச் சொல்லுங்க, ‘வல்லம் தாண்டி’ன்னு சொன்னா ரோந்து வண்டி எந்தப் பக்கம்னு தேடிக்கிட்டு பத்து நிமிஷம் போயிடும்.

வரிசைல நீங்கதான் கடைசி வண்டின்னா அந்த நிமிஷம் நீங்கதான் வால். நாலு இண்டிகேட்டரையும் போடுங்க, முன் வண்டிக்கு ஒட்டி நிக்காம ஒரு லாரி நீளம் விட்டு நில்லுங்க, இடது பக்கம் கொஞ்சம் திரும்பினாப்ல வெச்சுக்கங்க, கண்ணு பின் கண்ணாடில இருக்கட்டும். பின்னாடி ரெண்டு மூணு வண்டி வந்து நின்னதுக்கப்புறம்தான் ஃபோனை எடுக்கறது. என்ன ஆச்சுன்னு பாக்க இறங்கிப் போகாதீங்க.

மனுவுக்கு வர்றேன். கேமரா கேக்காதீங்க, அது எப்படியும் வரும். நான் எழுதறதா இருந்தா இப்படி எழுதுவேன்: டோல்கேட்ல வண்டில இழுத்துக்கிட்டுப் போற டிஜிட்டல் போர்டு ரெண்டு எப்பவும் தயாரா வேணும், பக்கத்துக்கு ஒண்ணு. சம்பவம் நடந்தா ரெண்டாவது ரோந்து வண்டி தலைக்குப் போகாம வாலுக்குப் பின்னாடி போய் நின்னு, வால் நகர நகர பின்னாடி வரணும்னு எழுத்துல உத்தரவு வேணும். பாலம் இறங்கற இடத்துல வேகம் காட்டற ரேடார் போர்டு வேணும். எந்தெந்தப் பாலம்னு ஒரு ஞாயித்துக்கிழமை காலைல பைக்ல போயி, மேட்டுக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்து, அந்தப் பக்கம் ரோடு தெரியாத இடத்தையெல்லாம் கிலோமீட்டர் கல்லு நம்பரோட குறிச்சுக்கங்க. மனுவோட முதல் பக்கத்துல அந்தப் பட்டியல் வரட்டும், கோரிக்கையெல்லாம் ரெண்டாவது பக்கத்துல.